மறுபடியும் அவசரப் பிரிவில்: பராமரிப்பு ஒருங்கிணைப்புக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

வார்டிலோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்த உங்களை, பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற புதுப் பெயரோடு ஒரு மேசையும் தொலைபேசியும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு பட்டியல் இருக்கும். போன ஆறு மாதத்தில் மூன்று, நான்கு, ஏழு முறை அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் பெயர்கள். "இவர்கள் வருவதைக் குறைக்க வேண்டும்" என்று சொல்லியிருப்பார்கள். எப்படி என்று பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நாற்காலியில் உட்காருபவருக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆளை வரவிடாமல் செய்வதும், வரவேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதும் கணக்கில் ஒன்றுபோலத்தான் தெரியும். நெஞ்சுவலி வந்தவர், "போன வாரம்தானே வந்தேன், நர்ஸ் கோபித்துக்கொள்வார்" என்று வீட்டிலேயே படுத்துவிட்டால் வருகை எண்ணிக்கை குறையும். ஆள் இருக்க மாட்டார். அதனால் "ஏன் அடிக்கடி வருகிறீர்கள்?" என்ற கேள்வியை எந்தத் தொனியிலும் கேட்காதீர்கள். இரண்டு வருகைகளுக்கு நடுவே ஏதோ ஒன்று அறுந்துபோயிருக்கிறது. அது எது என்று தேடுவதுதான் இந்த வேலை.

யாரிடமிருந்து தொடங்குவது

ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ வருபவரை அடிக்கடி வருபவர் என்று கணக்கிடுவது பரவலான வழக்கம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். கீமோதெரபி எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் உடனே வந்தே ஆக வேண்டும். அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவருக்கு வலி கட்டுக்கடங்காமல் போனாலும் அப்படித்தான். அவர்கள் ஐந்து முறை வந்திருந்தால் ஐந்தும் சரியான வருகையாகவே இருக்கலாம்.

உள்நோயாளியாக இருந்து வீடு திரும்புபவர்களுக்கு லேஸ் என்ற மதிப்பெண் முறை உதவும். கனடாவின் ஒன்டாரியோவில் உருவாக்கப்பட்டு 2010-இல் வெளிவந்தது. எத்தனை நாள் படுத்திருந்தார், அவசரமாகச் சேர்க்கப்பட்டாரா, வேறு என்னென்ன நோய்கள், கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்கு வந்தார் ஆகிய நான்கையும் வைத்து 0 முதல் 19 வரை மதிப்பெண் போடுவார்கள். 10 அல்லது அதற்கு மேல் போனால் திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நல்ல சல்லடைதான். ஆனால் அந்த ஆள் வீட்டில் தனியாக இருக்கிறாரா, மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியுமா என்பதெல்லாம் அதில் இல்லை. அதை வார்டு நர்ஸிடம் கேளுங்கள். "இவர் போனால் பத்து நாளில் திரும்பி வருவார் என்று உங்களுக்கு யாரைப் பார்த்தால் தோன்றுகிறது?" என்று கேட்டால் சட்டென்று இரண்டு படுக்கை எண்களைச் சொல்வார்.

முதல் மாதம் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் எடுக்காதீர்கள். நாற்பது பேரை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே ஒரு முறை போன் செய்வதில் ஒரு பயனும் இல்லை.

பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் படியுங்கள்

ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அவரைப் பார்க்கப் போகும் முன், ஒரு வெள்ளைத்தாளில் அவருடைய வருகைகளை வரிசையாக எழுதுங்கள்: தேதி, கிழமை, நேரம், என்ன சொல்லிக்கொண்டு வந்தார், என்ன கொடுத்து அனுப்பினார்கள். அதற்குக் கீழே, ஒவ்வொரு வருகைக்கும் முந்தைய மூன்று நாளில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வெற்றுக் கட்டம் விடுங்கள். பெரும்பாலும் அது வெற்றாகவே இருக்கும். அதை நிரப்புவதற்குத்தான் நேரில் போகிறோம்.

கிழமையும் நேரமும் நிறையச் சொல்லும். எல்லா வருகையும் மாலை ஆறு மணிக்கு மேல் என்றால், அந்த நேரத்தில் அவருக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை என்று பொருள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர் ஒரே கிழமையில் மூச்சுத்திணறலோடு வந்துகொண்டிருந்தால், வாரத்தில் ஒருமுறை வரும் அந்த நீண்ட இடைவெளியைப் பாருங்கள். உடம்பில் நீர் சேர்வது அப்போதுதான். மாதக் கடைசியில் சர்க்கரை ஏறி வருபவருக்கு இன்சுலின் தீர்ந்துபோயிருக்கலாம், வாங்கக் காசு இல்லாமலும் இருக்கலாம்.

உட்கார்ந்து பேசுங்கள்

நின்றுகொண்டு பேசாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "போன தடவை இங்கே கிளம்புவதற்கு முந்தின நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நாள்முழுக்கக் கேள்வி கேட்டே பழகிய நமக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

இதய செயலிழப்பு உள்ள ஒரு முதியவர் என் பட்டியலில் இருந்தார். கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஐந்து முறை வந்திருந்தார். ஒவ்வொரு பதிவிலும் "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். ஏன் எடுப்பதில்லை என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. கேட்டபோது சொன்னார்: வெளியே போகும் நாட்களில் சிறுநீர் மாத்திரையை விட்டுவிடுவாராம். பேருந்தில் ஒன்றரை மணி நேரம், இடையில் இறங்க முடியாது. வாரத்தில் மூன்று நாள் வெளியே போகிறவர். அவருடைய மருத்துவரிடம் பேசினேன். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தபிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று நேரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். புது மருந்து இல்லை, புதுப் பரிசோதனை இல்லை.

அன்றிலிருந்து "ஒத்துழைக்காத நோயாளி" என்று பதிவில் எங்கே பார்த்தாலும், இன்னும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது என்றுதான் படிக்கிறேன்.

மருந்துப் பை

எல்லாப் படிகளிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், தீர்ந்த அட்டை, பாதிப் பாட்டில், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, கண்ணில் விடுவது, காலில் தடவுவது உட்பட, ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மேசையில் கொட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

என்ன கிடைக்கும்? ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். மருத்துவமனையில் நிறுத்திய மாத்திரை வீட்டில் நாற்பது மிச்சம் இருக்கும்; "வீணாகக்கூடாதே" என்று தொடர்ந்திருப்பார். அளவை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், பழைய அளவு மாத்திரையே அட்டையில் இருக்கும்.

அப்புறம் வலி மாத்திரை. இதைத் தனியாகத் தேடுங்கள், ஏனென்றால் நோயாளி அதை மருந்தாகவே நினைப்பதில்லை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இதய செயலிழப்பு உள்ளவருக்குச் சிறுநீர் மாத்திரை ஒருபக்கம் நீரை இறக்க, மூட்டுவலிக்குப் போடுவது மறுபக்கம் ஏற்றும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில் அல்லது லோசார்டன் வகை, சிறுநீர் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கக்கூடும். மூன்றையும் ஒரே பையில் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஹேலர் வைத்திருப்பவரிடம் "சரியாக இழுக்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "எனக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். மூடியைக் கழற்றாமல் இழுப்பவரையும், அழுத்திவிட்டு இரண்டு விநாடி கழித்து வாயில் வைப்பவரையும் பார்ப்பீர்கள். காலியான இன்ஹேலரை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவரும் உண்டு. ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தி இழுக்கும் குழாய்) ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பழக்கினாலே சிலருக்கு இரவு மூச்சுத்திணறல் பாதியாகிவிடும். இன்சுலின் போடுபவருக்கு ஊசி போடும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலடியில் கட்டி தட்டியிருந்தால் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. சர்க்கரை ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. மருந்தின் அளவை நீங்களாக மாற்றக்கூடாது. உங்கள் இடத்தில் செவிலியருக்கு அந்த அதிகாரம் எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்தால் ஒழிய. கண்டுபிடிப்பது, மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் சொல்வது, மாற்றியது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை.

ஒரே பக்கத்தில் ஒரு திட்டம்

டிஸ்சார்ஜ் சீட்டு மருத்துவர்கள் மருத்துவர்களுக்கு எழுதுவது. நோயாளிக்கு ஒரு பக்கம் போதும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள். பச்சையில் வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்பது. சிவப்பில் யாரையும் கேட்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வரவேண்டியவை: நெஞ்சை அழுத்தும் வலி, முகம் ஒருபக்கம் இழுப்பது, பேச்சுக் குழறுவது, படுக்கவே முடியாத மூச்சுத்திணறல், மயக்கம். சிவப்பில் எங்கேயும் உங்கள் போன் நம்பரை எழுதாதீர்கள். பக்கவாதம் வந்தவர் உங்களை அழைத்துவிட்டு நீங்கள் எடுக்கக் காத்திருக்கக்கூடாது.

நம்முடைய வேலை முழுக்க மஞ்சளில், அதாவது நிலை முற்றும் முன் நம்மை அழைக்க வேண்டிய அறிகுறிகளில், இருக்கிறது. இதய செயலிழப்பில் பெரும்பாலும் வைக்கும் எல்லை: ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடினால் அழைக்க வேண்டும். அந்த ஆளுக்கு மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதையே எழுதுங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே எடைக் கருவியில் என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குச் சளியின் நிறமும் அளவும் மாறுவதும், வழக்கத்தைவிட அதிகம் மூச்சு வாங்குவதும் மஞ்சள். சர்க்கரை நோயாளிக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது அதற்குச் சமமான சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. முதல் வகைச் சர்க்கரை நோய் என்றால் சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக்கூடாது, உடனே அழைக்க வேண்டும் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் என் மருத்துவர் முன்னால் அப்படித்தான் தலையாட்டுவேன். "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டில் உங்கள் மகள் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் அவர் தோற்கவில்லை. நீங்கள் இன்னொரு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளம்பும் முன் அடுத்த சந்திப்பு

"ஒரு வாரத்தில் மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பலர் பார்ப்பதில்லை. தேதி, நேரம், இடம், யார் கூட்டிப்போகிறார்கள் என்ற நான்கும் முடிவான பிறகே ஆள் வாசலைத் தாண்ட வேண்டும். இதய செயலிழப்பில் 7 முதல் 14 நாளுக்குள் நேரில் சந்திப்பு, 3 நாளுக்குள் ஒரு தொலைபேசி விசாரிப்பு என்று 2013-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொன்னது; 2022-இல் வந்தது பொதுவாக 7 நாளுக்குள் சந்திப்பு என்கிறது. ஆபத்து அதிகம் என்றால் நான் ஏழு நாளைத் தாண்ட விடுவதில்லை.

வழக்கமான மருத்துவரிடம் பேசும்போது நாலே வாக்கியம்: இப்போது நிலை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். இந்த நான்கு வரிப் பேச்சு அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. கடைசி வாக்கியத்தைத்தான் நாம் விழுங்கிவிடுவோம், கேட்கக் கூச்சப்பட்டு. கேளுங்கள்.

முதல் அழைப்பு

வீட்டுக்குப் போன 48 மணி முதல் 72 மணி நேரத்துக்குள். பாஸ்டனில் 749 நோயாளிகளை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், டிஸ்சார்ஜுக்கென்றே ஒரு நர்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். சில நாள் கழித்து மருந்தாளுநர் ஒருவர் போன் செய்து மருந்துகளைச் சரிபார்த்தார். முதல் 30 நாளில் மருத்துவமனைப் பக்கம் திரும்பி வருவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதில் மந்திரம் எதுவும் இல்லை. சொன்னது வீட்டில் நடக்கிறதா என்று யாரோ ஒருவர் போன் செய்து கேட்டார், அவ்வளவே.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "இருக்கேன்மா" என்று பதில் வரும், போன் வைக்கப்படும். அதனால் பதிலில் எண்ணோ பொருளோ வரும்படி கேளுங்கள். இன்று காலை எடை என்ன? நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்? புது மாத்திரை கையில் இருக்கிறதா, என்ன நிறம்? அட்டையில் எத்தனை மிச்சம்? வியாழக்கிழமை யார் கூட வருகிறார்கள்? தலையணைக் கேள்வியை எனக்கு ஒரு மூத்த நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போயிருந்தால் தட்டையாகப் படுக்க மூச்சு முட்டுகிறது என்று பொருள்; "நன்றாக இருக்கிறேன்" என்று அவர் சொன்னதை நம்பாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, பிறகு வாரம் ஒரு முறை என்று குறைத்துக்கொண்டே வரலாம். உங்கள் நம்பரைக் கொடுக்கும்போது எந்த நேரத்தில் எடுப்பீர்கள், எடுக்காத நேரத்தில் யாரை அழைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று முறை அழைத்து யாரும் எடுக்காத நம்பர், நம்பரே இல்லாததைவிட மோசம்.

அவசரப் பிரிவில் உள்ளவர்களுக்கும் தெரிய வேண்டும்

நிறையப் பேர் மறக்கும் படி இது. நீங்கள் எவ்வளவு செய்தாலும் அவர் இரவு இரண்டு மணிக்கு வரத்தான் செய்வார், சில நேரம். அப்போது பணியில் இருப்பவர் முதல்முறையாக அவரைப் பார்க்கிறார். எல்லாச் சோதனைகளும் மறுபடி தொடங்கும். பதிவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி ஐந்து வரி எழுதி வையுங்கள்: வழக்கமான ஆக்சிஜன் அளவு என்ன, வழக்கமான எடை என்ன, போன முறை எது உதவியது, எது ஆகாது, யாரை அழைக்க வேண்டும். அவர் வந்தால் உங்களுக்குத் தகவல் வர ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளுங்கள். அடுத்த நாள் காலை அவர் இன்னும் அங்கே இருக்கும்போதே போய்ப் பார்ப்பது, ஒரு வாரம் கழித்துக் கேள்விப்படுவதைவிட நூறு மடங்கு பயன்.

நோய் இல்லாத காரணங்கள்

தனிமை, வீட்டு வாடகை, குடிப்பழக்கம், வீட்டில் பார்த்துக்கொள்பவர் சோர்ந்துபோவது. இவற்றைத் தொலைபேசியால் தீர்க்க முடியாது. சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் யார், எப்படிச் சேர்ப்பது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் நடந்தது இங்கே பாடம். சிக்கலான நோயும் சிக்கலான வாழ்க்கையும் உள்ளவர்களை நர்ஸ்களும் சமூகப் பணியாளர்களும் வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள், உலகமே புகழ்ந்தது. பிறகு 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். 180 நாளில் மருத்துவமனையில் மறுபடி சேர்ந்தவர்கள்: திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. குறித்த நாளுக்குள் வீட்டுச் சந்திப்பும் மருத்துவர் சந்திப்பும் பலருக்கு நடந்திருக்கவும் இல்லை. போகச் சொல்வது எளிது. போன இடத்தில் வீடும் சிகிச்சையும் கிடைக்க வேண்டுமே.

இதற்கு நேர்மாறாக, பென்சில்வேனியாவில் மேரி நெய்லர் என்ற செவிலிய ஆராய்ச்சியாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்பயிற்சி பெற்ற நர்ஸ்கள் முதியவர்களை மருத்துவமனையிலேயே சந்தித்து, பிறகு வீட்டுக்கும் போய்த் தொடர்ந்தார்கள். 24 வாரத்தில் மறுபடி சேர்ந்தவர்கள்: வழக்கமான பராமரிப்பில் 37 சதவீதம், இந்தக் குழுவில் 20 சதவீதம். அங்கே அறுந்திருந்தது பெரும்பாலும் நர்ஸின் கைக்கு எட்டும் இடம் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கு

கேம்டனிலிருந்து இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். இரண்டு குழுவிலுமே மருத்துவமனையில் சேர்வது முன்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. மிக மோசமான காலத்தில் ஒருவரைப் பட்டியலில் சேர்க்கிறோம். மோசமான காலம் தானாகவும் கொஞ்சம் தணியும். எனவே "முன்பு ஏழு, இப்போது மூன்று" என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதும்முன், பட்டியலில் இடமில்லாமல் காத்திருந்தவர்களுக்கு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அவர்களுக்கும் மூன்றுதான் என்றால் முறையை மாற்ற வேண்டும். வருகைகளோடு, படுக்கையில் சேர்ந்த நாட்களையும் இறப்புகளையும் சேர்த்தே எண்ணுங்கள். ஒன்று குறைந்து மற்றொன்று ஏறுகிறதா என்று தெரிய வேண்டும்.

மூன்று மாதம் சிவப்புக்குப் போகாமல், மஞ்சளில் தானே அழைத்து, சந்திப்புகளைத் தவறவிடாமல் ஒருவர் இருந்தால் பட்டியலிலிருந்து எடுக்கலாம். சொல்லிவிட்டு எடுங்கள், திடீரென்று அழைப்பை நிறுத்தாதீர்கள். அந்த ஒரு பக்கத் திட்டத்தைக் கடைசியாக ஒருமுறை அவரையே வாசிக்கச் சொல்லி, மாறிய மருந்துகளைத் திருத்தி, தேதி போட்டுக் கொடுங்கள். உங்கள் நம்பர் அதில் இருக்கட்டும். என் முதியவர் இப்போதும் எப்போதாவது அழைக்கிறார், எடையைச் சொல்வதற்கு.